மஞ்சள் கொடிக்கு யார் அடங்குவார்?

தாப்பாவில் இருந்து ரிங்லெட் வழியாகத் தானா ராத்தாவுக்கு ஏறும் பழைய மலைச்சாலை சுமார் 60 கிலோமீட்டர் நீளமானது. தாழ்நிலத்தில் தொடங்கி, கடல்மட்டத்திற்கு 1,400 மீட்டருக்கு மேலே போய்ச் சேர்கிறது. ஒரு பக்கம் வெட்டி நிறுத்திய மண்சுவர், மறுபக்கம் பள்ளம். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வெளியுலகத்தோடு இருக்கும் பழைய வழி இது. அடைமழை நாட்களில் இங்கே மண் சரியும், மரம் விழும். அதை அகற்ற ஆட்கள் சாலையில் இறங்குவார்கள். கொஞ்சம் முன்னால் ஒருவர் கொடியோடு நிற்பார். வளைவுக்கு அப்பாலிருந்து வருகிற ஓட்டுநர் யார், எப்படிப்பட்டவர் என்று அவருக்குத் தெரியாது. அந்த ஓட்டுநர் வேகத்தை எவ்வளவு குறைக்கிறார் என்பதில்தான் அவருடைய உயிர் இருக்கிறது. சிங்கப்பூர் மரீனா பே சாலைப் பந்தயத்தில், சுவரில் மோதி நின்ற காரை அகற்றப் பாதைக்குள் ஓடுகிற மார்ஷலும் இதே நிலையில்தான் நிற்கிறார். இந்த இருவரையும் காப்பாற்றக்கூடிய விதி எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதே இங்கே கேள்வி.

செப்பாங்கில் 1999 முதல் 2017 வரை ஃபார்முலா ஒன் நடந்தது. அது நின்ற பிறகு மலேசிய ரசிகர்களுக்கு மிக அருகில் இருக்கும் பந்தயம் சிங்கப்பூர்தான். அந்தப் பந்தயம் முடிந்ததும் ரசிகர்களிடையே வருகிற வாக்குவாதத்தில் பாதி, விபத்து நடந்ததும் பந்தயக் கார்களுக்கு முன்னால் வந்து அவற்றை மெதுவாக நடத்திச் செல்லும் சேஃப்டி காரைப் பற்றியதாக இருக்கும். 2008இல் தொடங்கி 2023 வரை அங்கே நடந்த ஒவ்வொரு பந்தயத்திலும் ஒரு தடவையாவது சேஃப்டி கார் வெளியே வந்தது. அது வராமலே முடிந்த முதல் பந்தயம் 2024இல்தான். “நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஆட்டத்தைக் கெடுத்துவிட்டார்கள்” என்பது ஒரு கட்சி. “மார்ஷல் உள்ளே நிற்கும்போது வேறென்ன செய்வது” என்பது மறு கட்சி. இரண்டு கட்சியும் அதிகம் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. எச்சரிக்கை விதி எதுவானாலும், மெதுவாகப் போகிறவருக்கு அதனால் நட்டம் வருமானால் அந்த விதி பலிக்காது. உலகின் மிகத் திறமையான ஓட்டுநர்களிடமே அது பலிக்கவில்லை. கடந்த இருபதாண்டுப் பந்தய வரலாறு இதற்குத் தெளிவான சான்று தருகிறது. அந்தச் சான்றில் நம் மலைச்சாலைக்கும் பாடம் இருக்கிறது.

முதலில் வேகத்தின் கணக்கு. ஓடுகிற காரின் இயக்க ஆற்றல் அதன் வேகத்தின் இருமடிக்கேற்ப ஏறும். 800 கிலோ எடையுள்ள பந்தயக் கார் மணிக்கு 300 கிலோமீட்டரில் ஓடும்போது அதனிடம் சுமார் 28 லட்சம் ஜூல் ஆற்றல் இருக்கிறது. அதே கார் 80 கிலோமீட்டரில் போனால் இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. வேகம் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக இருக்கும்போதே ஆற்றல் பதினான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. 250இல் வரும் ஓட்டுநர், முன்னால் ஆபத்து என்று எச்சரிக்கும் மஞ்சள் கொடியைப் பார்த்துவிட்டு 240க்கு இறங்கினால் ஆற்றலில் 8 சதவீதம்தான் போகிறது. “நான் வேகத்தைக் குறைத்தேன்” என்று அவர் சொல்வது பொய்யாகாது. மார்ஷலுக்கோ அதனால் பயன் ஏதுமில்லை. வேகத்தை 30 சதவீதம் குறைத்தால் ஆற்றலில் பாதி போய்விடும்; 40 சதவீதம் குறைத்தால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். கொஞ்சம் குறைப்பதற்கும் நிறையக் குறைப்பதற்கும் உள்ள இந்த இடைவெளியில்தான் உயிர் பிழைப்பதும் போவதும் தீர்மானமாகிறது. நிரந்தரப் பந்தயத்தளத்தில் தவறிய காரை வாங்கிக்கொள்ளச் சரளைப் படுகையும் அகன்ற வெளியும் உண்டு. சாலைப் பந்தயத்தில் வெள்ளைக்கோடு முடிகிற இடத்திலேயே கான்கிரீட் சுவர் தொடங்கிவிடுகிறது. 2024 ஆகஸ்ட் 31 அன்று சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் தொடங்கிய பந்தயத்தின் 3.5 கிலோமீட்டர் பாதையும் அப்படிச் சுவர்களுக்கு நடுவே அமைந்ததுதான். மழையால் பாதைக்கு உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் சான்றிதழ் கிடைப்பது தாமதமானது. சான்றிதழ் இல்லாமல் ஓட்டக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் கண்டிப்பாக இருந்தது. அது சரியான கண்டிப்பு.

சக்கரங்கள் மூடப்படாத திறந்த சக்கரக் காருக்கு இன்னொரு தனி ஆபத்து இருக்கிறது. முன்னோக்கி உருளும் சக்கரத்தின் பின்விளிம்பு மேல்நோக்கிச் சுழல்கிறது. முன்விளிம்பு கீழ்நோக்கிச் சுழல்கிறது. பின்னால் வரும் காரின் முன்சக்கரம், முன்னால் போகும் காரின் பின்சக்கரத்தைத் தொட்டால், எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு ரப்பர் பரப்புகள் உரசிக்கொள்கின்றன. இரண்டும் 200 கிலோமீட்டரில் போனால் உரசும் இடத்தில் அவற்றின் சார்பு வேகம் 400. முன்கார்ச் சக்கரம் பின்கார்ச் சக்கரத்தைப் பிடித்து மேலே தூக்குகிறது. பின்கார்ச் சக்கரமும் தன் பங்குக்கு ஏறப் பார்க்கிறது. கார் வானில் எழும்புகிறது. 2010 ஜூன் 27 அன்று ஸ்பெயினின் வலென்சியா சாலைப் பந்தயத்தில் மார்க் வெப்பரின் ரெட் புல் கார், ஹெய்க்கி கோவலாய்னனின் லோட்டஸ் ரேசிங் காரின் பின்சக்கரத்தில் ஏறிப் பறந்து, தலைகீழாக விழுந்து, புரண்டு, தடுப்பில் மோதியது. அந்த லோட்டஸ் மலேசிய உரிமத்தில் ஓடிய அணி. இரண்டு ஓட்டுநர்களும் பெரிய காயமின்றித் தப்பினார்கள். சேஃப்டி கார் வெளியே வந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் நம் விவாதத்துக்கு வேண்டியது.

அப்போதைய விதிப்படி, சேஃப்டி கார் அறிவிக்கப்பட்டதும் ஒவ்வொரு ஓட்டுநருக்கும் ஒரு குறைந்தபட்ச நேரம் தரப்படும். அடுத்த எல்லைக்கோட்டை அந்த நேரத்துக்கு முன் தொடக்கூடாது. அன்று ஒன்பது ஓட்டுநர்கள் அதை மீறினார்கள் என்று பந்தய நடுவர்கள் கண்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஐந்து விநாடி தண்டனை. லூயிஸ் ஹாமில்டன் சேஃப்டி காரையே முந்திவிட்டார். தண்டனையை நிறைவேற்றிய பிறகும் இரண்டாம் இடத்தில் முடித்தார். விதிக்கு அடங்கி அதன் பின்னால் மாட்டிக்கொண்ட ஃபெர்னாண்டோ அலோன்சோ எட்டாவதாக வந்து, கோபத்தை மறைக்காமல் பேசினார். ரசிகர்கள் இதை ஹாமில்டன் எதிர் அலோன்சோ சண்டையாகப் பார்த்தார்கள். எனக்கு அந்த ஒன்பது பேர்தான் முக்கியமாகப் படுகிறார்கள். அவர்களில் சிலருக்கு நியாயமான சாக்கு இருந்தது. அறிவிப்பு வந்தபோது அவர்கள் சுற்றின் முடிவுக்கு மிக அருகில் இருந்தார்கள். அப்படியானாலும் அன்று ஓடியவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள், ஒரு கார் பறந்து விழுந்து மோதியிருந்தும், சொன்ன அளவுக்குக் குறைக்கவில்லை. இவர்கள் மனசாட்சி இல்லாதவர்கள் என்று சொல்லிவிடலாம். அது சோம்பேறித்தனமான பதில். விதி ஏற்படுத்திய கணக்கைப் பாருங்கள். வேகமாகப் போனால் ஆதாயம் உறுதி. எதிராளி எப்படியும் போய்விடுவான் என்ற அச்சமும் உண்டு. தண்டனை வந்தாலும் ஐந்து விநாடிதான். மோதினால் விலை கொடுக்கப்போவது பெரும்பாலும் வேறொருவர். இந்தக் கணக்கில் யாரை உட்கார வைத்தாலும் கால் அழுத்தத்தான் செய்யும்.

நான்கு ஆண்டுகளில் இதற்குப் பெரும் விலை கொடுக்க நேர்ந்தது. 2014 அக்டோபர் 5, ஜப்பானின் சுசுக்கா. மழை, வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. ஏழாவது வளைவில் அட்ரியன் சூட்டிலின் கார் வழுக்கித் தடுப்பில் மோதியது. அதைத் தூக்க ஒரு கனரக இயந்திரம் உள்ளே வந்தது. அந்த இடத்தில் இரட்டை மஞ்சள் கொடி வீசப்பட்டது. வேகத்தைக் கணிசமாகக் குறைத்து, நிற்கவும் தயாராக இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். எவ்வளவு குறைப்பது என்று விதியில் எண் கிடையாது. ஓட்டுநரின் தீர்ப்புக்கே விடப்பட்டிருந்தது. அடுத்த சுற்றில் அதே இடத்தில் ஜூல்ஸ் பியாங்கி வழுக்கினார். அந்த இயந்திரத்தில் மணிக்கு 126 கிலோமீட்டரில் மோதினார். 2015 ஜூலை 17 அன்று இறந்தார், வயது 25. எஃப்.ஐ.ஏ. அமைத்த ஆய்வுக் குழு, கட்டுப்பாடு இழப்பதைத் தவிர்க்கப் போதுமான அளவு அவர் வேகத்தைக் குறைக்கவில்லை என்றது. அது உண்மையாக இருக்கலாம். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் பழி முழுவதும் இறந்தவர் மேல் விழுந்துவிடும். அன்று அந்த மழையில் எவ்வளவு குறைத்தால் போதும் என்பதை யார் சொல்லியிருக்க முடியும்? ஒருவர் மட்டும் உண்மையாகவே பாதி வேகத்துக்கு இறங்கினால் பின்னால் வருபவர்கள் எல்லாரும் அவரை எட்டிவிடுவார்கள். ஒவ்வொருவரும் மற்றவர் குறைப்பதை விடச் சற்றே குறைவாகக் குறைப்பதுதான் அந்த விதியின் இயல்பான விளைவு. அதே குழு, எண்ணைக் குறிப்பிட்டு வேகத்தைக் கட்டுப்படுத்தும் விதி வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அந்த அறிக்கையில் மிகவும் பயன்பட்ட பகுதி அதுவே.

அதிலிருந்து பிறந்ததுதான் 2015இல் நடைமுறைக்கு வந்த மெய்நிகர் சேஃப்டி கார். பெயரில் கார் இருந்தாலும் பாதையில் எந்தக் காரும் வராது. பந்தயப் பாதை சிறு சிறு பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குறைந்தபட்ச நேரம் கணிக்கப்படுகிறது. அது வழக்கமான வேகத்தை விடச் சுமார் 30 முதல் 40 சதவீதம் மெதுவாகப் போனால் ஆகும் நேரம். ஓட்டுநரின் கைச்சக்கரத் திரையில், அந்த நேரத்தை விட அவர் முந்தியிருக்கிறாரா பிந்தியிருக்கிறாரா என்று எண் ஓடிக்கொண்டே இருக்கும். எல்லாரும் ஒரே அளவில் மெதுவாகிறார்கள். ஆகவே கார்களுக்கு இடையிலான கால இடைவெளி ஏறத்தாழ அப்படியே நிற்கிறது. முன்னால் இருப்பவர் கஷ்டப்பட்டுச் சேர்த்த பத்து விநாடி பத்து விநாடியாகவே இருக்கிறது. இதில் என்னைக் கவர்வது மின்னணுத் தொழில்நுட்பம் அல்ல. ‘குறைத்தால் தோற்றுப்போவேன்’ என்ற அச்சத்துக்கு இந்த விதி இடம் வைக்கவில்லை. ஓட்டுநரின் தைரியத்தையோ நற்குணத்தையோ கேட்காமல், அவருடைய கணக்கையே அது மாற்றிவிட்டது. அது முதன்முதலில் பயன்பட்டதும் ஒரு சாலைப் பந்தயத்தில்தான்: 2015 மொனாக்கோவில், மாக்ஸ் வெர்ஸ்டாப்பன் ரொமாய்ன் குரோஜானின் காரில் இடித்துத் தடுப்பில் புகுந்தபோது.

அன்று மொனாக்கோவில் மெய்நிகர் விதி சிறிது நேரமே இருந்தது. அதன்பின் உண்மையான சேஃப்டி காரையே அனுப்பினார்கள். ஏன் என்பதற்கும் கணக்கு உண்டு. சிங்கப்பூரில் மெய்நிகர் வேகத்தில் ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும் என்று வையுங்கள். 20 கார்கள் பாதை முழுக்கப் பரவியிருந்தால் சராசரியாக ஆறேழு விநாடிக்கு ஒரு கார் அந்த இடத்தைக் கடக்கும். தடுப்பைச் சரிசெய்யப் பாதைக்குள் இறங்கும் மார்ஷலுக்கு ஆறு விநாடி எதற்குப் போதும்? சேஃப்டி கார் 20 கார்களையும் தன் பின்னால் ஒரே கூட்டமாகச் சேர்க்கிறது. கூட்டம் அரை நிமிடத்துக்குள் கடந்துவிடும். அடுத்த முறை வரும்வரை ஒன்றரை நிமிடத்துக்குக் குறையாமல் பாதை காலியாக இருக்கும். சேஃப்டி காரின் முதல் கொடை அந்தக் காலி நேரம்தான். ரசிகர்கள் “மெதுவாக ஊர்வலம் போகிறார்கள்” என்று சலித்துக்கொள்ளும் அந்தச் சுற்றுகளில், திரையில் தெரியாத மறுபக்கத்தில் மனிதர்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். 2000இல் மோன்சாவிலும் 2001இல் மெல்போர்னிலும் தெறித்த கார்ப் பாகங்கள் பட்டு மார்ஷல்கள் இறந்ததை நினைத்தால் அந்த ஊர்வலம் நீண்டதாகத் தோன்றாது.

இனி ரசிகர்களின் வலுவான ஆட்சேபம். கூட்டமாகச் சேர்ப்பது உழைத்துச் சேர்த்த இடைவெளியை அழிக்கிறது. தவறான நேரத்தில் மாட்டியவர் தோற்கிறார், சரியான நேரத்தில் மாட்டியவர் வெல்கிறார். இது உண்மை. டயர் மாற்ற பிட் பாதைக்குள் போனால் அங்கே வேக வரம்பு எப்போதும் ஒன்றுதான். வெளியே எல்லாரும் முழு வேகத்தில் ஓடும்போது அது பெரிய இழப்பு. எல்லாரும் மெதுவாக ஓடும்போது இழப்பு ஏறத்தாழ பாதியாகிறது. ஆகவே எச்சரிக்கைக் காலம் யாருக்கோ மலிவான டயர் மாற்றமாகிறது. 2008 சிங்கப்பூர் முதல் பந்தயத்தில் நெல்சன் பிக்கே ஜூனியர், தன் அணித்தோழர் அலோன்சோ பிட்டுக்கு வந்துபோன சிறிது நேரத்தில், வேண்டுமென்றே சுவரில் மோதினார், சேஃப்டி கார் வந்தது, அலோன்சோ வென்றார். உண்மை 2009இல் வெளிவந்தது. எச்சரிக்கை விதிக்குள் பரிசு ஒளிந்திருந்தால், யாராவது ஒருவர் அந்தப் பரிசுக்காக விபத்தையே உண்டாக்குவார் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. ஆகவே இந்த ஆட்சேபம் என் வாதத்தை உடைக்கவில்லை, அதற்கு வலுவூட்டுகிறது. பரிசு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடி அடைப்பதுதான் விதி எழுதுபவரின் வேலை. 2014, 2015 நவம்பர் மாதங்களில் புத்ராஜெயா சாலைகளில் ஓடிய மின்கார்ப் பந்தயமான ஃபார்முலா ஈ இதற்கு நல்ல உதாரணம். அங்கே மெதுவாக ஓடும் ஒவ்வொரு நிமிடமும் மின்கலத்தில் ஆற்றலை மிச்சப்படுத்தித் தந்தது. பிறகு எல்லாரும் மிச்சத்தை வைத்துப் பாய்ந்தார்கள், ஆற்றலைச் சிக்கனமாக ஆண்டவரின் திறமைக்கு மதிப்பில்லாமல் போனது. 2019–20 பருவத்தில், எச்சரிக்கை நீடிக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு கிலோவாட்-மணி ஆற்றலைக் கழித்துவிடும் விதியைக் கொண்டுவந்தார்கள். பாதுகாப்பை விட்டுக்கொடுக்காமலேயே அநியாயத்தைக் குறைக்க முடியும் என்று அது காட்டியது.

மற்றொரு ஆட்சேபம் அறிவியல் சார்ந்தது, எளிதில் ஒதுக்க முடியாதது: எச்சரிக்கையே ஆபத்தை உண்டாக்கலாம். பந்தயக் காரின் டயரும் கார்பன் பிரேக்கும் சூட்டில்தான் பிடிக்கும். பிரேக் பல நூறு டிகிரியில் இருக்க வேண்டும். மெதுவாக ஊர்ந்தால் ஆறிவிடும், டயரின் காற்றழுத்தமும் இறங்கும். 2012 சிங்கப்பூரில் கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் தன் ஹெச்.ஆர்.டி. காரைச் சுவரில் மோதியதால் சேஃப்டி கார் வந்தது. அது விலகிப் பந்தயம் மீண்டும் தொடங்கியவுடனேயே, ஏழு முறை உலக வெற்றியாளரான மைக்கேல் ஷூமாக்கர் பிரேக் அழுத்தியும் கார் நிற்காமல், முன்னால் போன ழான்-எரிக் வெர்னின் பின்பக்கத்தில் போய் மோதினார். சேஃப்டி கார் மறுபடி வந்தது. 61 சுற்றுகள் ஓட வேண்டிய பந்தயம் இரண்டு மணி நேர வரம்பில் 59 சுற்றோடு முடிந்தது. 2020இல் இத்தாலியின் முஜெல்லோவில் மறுதொடக்கத்தின்போது நேர்ச்சாலையிலேயே கார்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதின; 12 ஓட்டுநர்கள் எச்சரிக்கப்பட்டார்கள். இதையெல்லாம் மறுக்க முடியாது. என்றாலும் இந்த விபத்துகள் எப்போது நடந்தன என்று பாருங்கள். எல்லாரும் மெதுவாக இருந்தபோது அல்ல. யார் முதலில் பாய்வது என்ற போட்டி திரும்பிய நொடியில். சூடேற இடம் கொடுப்பதும், மறுதொடக்க வேகத்தை முன்னவரின் தந்திரத்துக்கு விடாமல் வரையறுப்பதும் இதற்கு மருந்து. எச்சரிக்கையையே நீக்குவது மருந்தாகாது.

மெதுவாக்குவதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதைச் செப்பாங் 2009இல் காட்டியது. ஐரோப்பியத் தொலைக்காட்சி நேரத்துக்காகப் பந்தயம் மாலை ஐந்து மணிக்குத் தொடங்கியது. மலேசியாவில் மாலைமழை எப்போது வரும் என்று தோட்டத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். பகல் முழுக்கச் சூடேறிய ஈரக்காற்று மேலெழும்பி, பிற்பகல் கடந்ததும் இடியோடு கொட்டும். அப்படியே கொட்டியது. இன்றைய முழுமழை டயர் ஒன்று மணிக்கு 300 கிலோமீட்டரில் விநாடிக்குச் சுமார் 85 லிட்டர் நீரை வெளியேற்றும் என்கிறார்கள். வானம் அதைவிட வேகமாக ஊற்றினால் டயர் தரையைத் தொடாமல் நீர்ப்படலத்தின்மேல் மிதக்கும். அப்போது சேஃப்டி கார் வேகம்கூட அதிகம். பந்தயம் சிவப்புக் கொடியில் நிறுத்தப்பட்டது. இருட்டிவிட்டதால் மீண்டும் தொடங்கவில்லை. 56இல் 31 சுற்றுகளின் நிலைப்படி ஜென்சன் பட்டனுக்கு வெற்றி, எல்லாருக்கும் பாதிப் புள்ளி. ரசிகர்களுக்கு ஏமாற்றம்தான். ஆனால் நிறுத்தும் முடிவில் குற்றம் இல்லை. மழை வரும் நேரத்தில் ஓட ஒத்துக்கொண்ட முடிவில்தான் குற்றம்.

இந்தச் சான்றுகளோடு கேமரன் மலைக்குத் திரும்பலாம். 10 டன் எடையுள்ள காய்கறி லோரி ஒன்று மலையிலிருந்து 1,400 மீட்டர் இறங்கும்போது, சுமார் 13 கோடியே 70 லட்சம் ஜூல் ஆற்றலை எங்காவது விட்டாக வேண்டும். 300 கிலோமீட்டரில் ஓடும் பந்தயக் காரின் ஆற்றலைப் போல ஏறத்தாழ 50 மடங்கு அது. எஞ்சினைக் கொண்டு பிடிக்காமல் பிரேக்கை மட்டும் நம்பினால் அவ்வளவும் அங்கே சூடாக மாறும். ஷூமாக்கரின் பிரேக் ஆறியதால் பிடிக்கவில்லை என்றால், லோரியின் பிரேக் கொதித்ததால் பிடிக்காமல் போகும். 2010 டிசம்பர் 20 அன்று மலையிலிருந்து சிம்பாங் பூலாய் சாலையில் இறங்கிய சுற்றுலாப் பேருந்து கவிழ்ந்து 25க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் தாய்லாந்திலிருந்து வந்தவர்கள். இனி மூடுபனியில் கொடியோடு நிற்பவரின் நிலையை எண்ணிப் பார்ப்போம். ஈரச்சாலை, 8 சதவீத இறக்கம், 60 கிலோமீட்டரில் வரும் கார். கண்டு, உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி. அதற்குள் 25 மீட்டர் போய்விடும். நிற்க மேலும் 44 மீட்டர். பார்வைக்கு எட்டுவது 40 மீட்டர்தான் என்றால் அதற்குள் நிற்க 42 கிலோமீட்டருக்கு மேல் வரக்கூடாது. ‘வேகத்தைக் குறைக்கவும்’ என்ற பலகை இந்த 42ஐச் சொல்வதில்லை. அது மஞ்சள் கொடியின் பழைய பிழையை அப்படியே திரும்பச் செய்கிறது.

பொதுச்சாலை பந்தயமல்ல, அங்கே யாரும் பரிசுக்காக ஓடுவதில்லை என்று சொல்லலாம். அந்த லோரி ஓட்டுநரைக் கேட்டால் வேறு பதில் வரும். அறுத்த காய்கறி விடியுமுன் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். சுற்றுலாப் பேருந்துக்கு அடுத்த இடத்தில் நேரம் குறித்திருக்கிறது. மெதுவாகப் போகிறவரின் பின்கண்ணாடியில் இன்னொருவரின் விளக்கு ஒட்டிக்கொண்டே வரும். குறைப்பவர் இழக்கிறார், குறைக்காதவர் சம்பாதிக்கிறார் என்ற அதே கணக்குதான். ஓரிடத்தில் கேமரா வைத்தால் அங்கே மட்டும் குறைத்துவிட்டுப் பாய்வார்கள். இரண்டு இடங்களுக்கு இடையே ஆன நேரத்தை அளந்து சராசரி வேகத்தைக் கண்டுபிடிக்கும் முறை, மெய்நிகர் சேஃப்டி காரின் அதே தத்துவம்; பல நாடுகளில் இருப்பது, மலேசிய நெடுஞ்சாலைகளிலும் 2025இல் சோதனையாகத் தொடங்கியது. மலைச்சாலைகளுக்குத்தான் அது முதலில் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சராசரி ஏமாற்றும் என்பதும் தெரிந்ததே: ஓரிடத்தில் மெதுவாகப் போய்ச் சேர்த்த நேரத்தை இன்னோரிடத்தில் பாய்ந்து செலவழிக்கலாம். 2022இல் அதே சுசுக்காவில், கொட்டும் மழையில், கூட்டத்தை எட்டிப் பிடிக்க விரைந்த பியர் காஸ்லி, பாதையில் நின்ற மீட்பு வண்டியைக் கடந்து போனார். அதன்பின் சிவப்புக் கொடியின் கீழும் 250 கிலோமீட்டர் வரை ஓட்டியதற்காகத் தண்டிக்கப்பட்டார். கூட்டம் சேரும் முன் வண்டியை உள்ளே அனுப்பியது பெரிய தவறு என்று ஓட்டுநர்கள் பலரும் கொதித்தார்கள். அவர்கள் சொன்னது சரி. அளக்கும் தூரத்தைச் சுருக்குவது பாதி வேலை. ஆள் உள்ளே நிற்கும்போது பாதையைக் காலியாக்குவதுதான் மீதி.

அதற்கும் வழி இருக்கிறது. மண் சரிந்து ஒற்றை வழியாகிப்போன இடத்தில், பல நாடுகளில் சாலைப்பணியாளர்கள் ஒரு முன்னோடி வண்டியை ஓட்டுகிறார்கள். நிற்கும் கார், லோரி, பேருந்து எல்லாம் அதன் பின்னால் கூட்டமாகச் சேர்ந்து, அது போகும் வேகத்திலேயே கடக்கின்றன, முந்த வழியில்லை. பத்து நிமிடம் காத்திருக்க வேண்டிவரும், ஆனால் எல்லாரும் அதே பத்து நிமிடம்தான். கூட்டத்தின் கடைசி வண்டி எது என்று மறுமுனைக்குக் கம்பியில்லாத் தொடர்பில் சொல்லப்படும். அது கடந்துவிட்டது என்ற பதில் வந்த பிறகே மண்வெட்டியோடு ஆட்கள் சாலையின் நடுவுக்கு இறங்குவார்கள். அடுத்த கூட்டத்தை எப்போது விடுவது என்பது அப்போது அவர்கள் கையில் இருக்கும்.